நாலாவது தடவை கேட்டபோது

ஒரே விஷயத்துக்கு ஒருவர் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பதில் சொன்னால், அவரைப் புத்திசாலி என்பதா, முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறவர் என்பதா? இதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் மூன்றரை வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நானும் கட்டுக்கட்டாகத் தாள்களில் பென்சிலால் தீர்ப்பு எழுதினேன். இன்று யாராவது என்னை வழியில் நிறுத்திக் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன்.

முப்பத்திரண்டு வயதில் 'நான் பணியில் இருந்த காலத்தில்' என்று எழுத ஆரம்பிப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஓய்வு பெற்றது நான் மட்டுமில்லை, அந்த வேலையே ஓய்வு பெற்றுவிட்டது. நாங்கள் ஒன்பது பேர் செய்ததை இப்போது ஓர் இயந்திரம் செய்கிறது. அதற்கு மேலே கண்காணிக்கப் புதிதாக இரண்டு பெண்களைப் போட்டிருக்கிறார்களாம். என்னோடு வேலை பார்த்து, இப்போது அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஷீபா போன மாதம் போனில் கூப்பிட்டு, "எடீ உமா, இந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல. அந்தப் பழைய கதையை நீ ஒரு தடவை எழுதித் தா" என்றாள். எந்தக் கதை என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் எழுதுவது சரியா என்று இந்த வரி வரைக்கும் சந்தேகமாகவே இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாதது வேறு எதையும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கழக்கூட்டத்தில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் எங்கள் அறை. கரமனையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நான் படித்தது எம்.ஏ. தத்துவம். வேலைக்கான நேர்முகத்தில் அதைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார், இன்னொருவர் குறித்துக்கொண்டார். மூன்று மாதப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய ஸ்லைடு காட்டினார்கள், நிறைய டீ குடித்தோம்.

வேலை இதுதான். தாய்மார்கள் போனில் கேட்கிற கேள்விகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பதில் சொல்லும் ஓர் இயந்திரத்தை ஒரு குழு தயார் செய்துகொண்டிருந்தது. போனக்காட்டு எஸ்டேட்டில் இருக்கிற பெண்ணுக்கும், விழிஞ்ஞத்துக் கரையில் இருக்கிற பெண்ணுக்கும் டாக்டர் பக்கத்தில் இல்லை, போன் இருக்கிறது. அந்த இயந்திரம் ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொல்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும். நாங்களே தாயாக நடித்துக் கேள்வி தட்டுவோம். பயந்த தாய், படித்த தாய், மாமியாருக்குப் பயந்த தாய், எல்லாம் தெரிந்த தாய். பதில்கள் தாளாக அச்சாகி வரும்.

எல்லாமே திரையில் நடக்கிற ஓர் இடத்தில் தாள் எதற்கு என்று பக்கத்து அறைக்காரர்கள் கேலி செய்வார்கள். அது எங்கள் மேலதிகாரி ஸ்ரீகுமார் சாரின் பிடிவாதம். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். முன்பு கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர். எல்லைப்பக்கத்துத் தமிழ்ச் சாட்சிகளை எழுதி எழுதியே தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். அவர் மேஜையில் கம்ப்யூட்டர் ஓரமாக இருக்கும். நடுவில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பென்சில்களும் ஒரு ரப்பரும்.

தாளில் கேள்வி இடப்பக்கம், பதில் வலப்பக்கம். கேட்டது யார் என்று பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அடியில் மூன்று கட்டங்கள்: 'ஒன்று', 'சூழல்', 'முரண்'. பதில்கள் ஒத்துப்போனால் 'ஒன்று'. பதில் மாறியிருக்கிறது, ஆனால் கேட்டவரின் நிலைமை மாறியதால் மாறியிருக்கிறது என்றால் 'சூழல்'. அப்படிக் குறிக்க, நிலைமையில் எது மாறியது என்று கேள்வியில் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். 'முரண்' என்று குறிப்பதுதான் கஷ்டம். ஒரு பதிலில் ஒரு வரியைச் சிவப்பாலும், இன்னொரு பதிலில் ஒரு வரியை நீலத்தாலும் கோடிட வேண்டும். கீழே, 'இந்த இரண்டு வரியும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் சரியாக இருக்க முடியாது, ஏனென்றால்' என்று அச்சிட்டிருப்பதை நம் கையெழுத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் குறித்தால் தாள் போய்விடும். வேறுபட்டால் சார் மேஜைக்கு.

அங்கே போனால் அவர் நம் வாதத்தைக் கேட்க மாட்டார். "ஏது வரி?" என்பார், எந்த வரி என்று. அவ்வளவுதான். எவ்வளவு பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு மறுபடியும், "அதே, அதே. ஏது வரி?" விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் தாளைத் திருப்பி நம்மிடம் தள்ளுவார்.

முதல் வருஷம் நாங்கள் சோதித்தது பழைய இயந்திரத்தை. அதைச் 'சின்னவன்' என்போம். சின்னவனிடம் முரணே வராது. கைக்குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா என்று எப்படிக் கேட்டாலும், ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம் என்று சொல்லும். சரியான பதில். ஒரு நாள் ஷீபா குறும்புக்காக, எனக்கு அறுபது வயது, நான் தேன் சாப்பிடலாமா என்று கேட்டாள். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம் என்றது. ஒன்பது பேரும் சிரித்துவிட்டோம். அது ஒரே மாதிரி பேசியதற்குக் காரணம் அதன் நேர்மை இல்லை, நாம் சொல்வதை அது காதில் வாங்கவே இல்லை.

பிறகு புது இயந்திரமாகப் 'பெரியவன்' வந்தான். அதே தேன் கேள்வியை, 'பெயர் வைக்கும்போது நாக்கில் தேன் தொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், மாமியார் விடமாட்டார்கள்' என்று சேர்த்துக் கேட்டேன். 'உங்கள் வழக்கத்தை மாமியாரோடு சண்டையில்லாமல் நடத்தலாம். தேனுக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு உதட்டில் காட்டுங்கள். தேன் மட்டும் வேண்டாம்' என்றது. மற்றவர்களிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னது, என்னிடம் மட்டும் வழி சொல்கிறதே, இது முரண்தான் என்று நான் குறித்தேன். ஷீபா 'சூழல்' என்று குறித்திருந்தாள். சார் கேட்டார், "ஏது வரி?" எனக்கு நீலக்கோடு போட வரி கிடைக்கவில்லை. எல்லாத் தாளிலும் தேன் வேண்டாம் என்றுதான் இருந்தது. வெட்கமாகப் போயிற்று. சின்னவனுக்குத் தெரிந்தது ஒரு பதில். பெரியவனுக்கு மாமியார் இருப்பது தெரிந்திருந்தது.

அப்போது சார் சொன்ன ஒன்று எனக்கு இப்போதும் குழப்பமாக இருக்கிறது. "கோர்ட்டில பாத்திருக்கேன், கேட்டோ. கத்துக்கொடுத்து வந்த சாட்சி நாலு தடவை கேட்டாலும் வார்த்தை மாறாது. நிஜமாப் பாத்தவன்தான் கொஞ்சம் கொஞ்சம் மாத்திச் சொல்வான்." அப்படியென்றால் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதே சார் அந்த ஓணத்துக்கு எனக்கு நாலு நாள் லீவு கொடுத்தார், ஷீபாவுக்கு இரண்டு நாள்தான். ஏன் சாரே என்று அவள் கேட்டதற்கு, தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "சூழல்" என்றார். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

இனி நான் சொல்ல வந்தது.

அனு பிறந்து ஐந்து மாதம் லீவில் இருந்துவிட்டு, மறுபடி வேலையில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சார் அனுமதி வாங்கித் தந்தார். வீட்டில் இருக்கும் நாட்களில் மடியில் லேப்டாப்பும் பக்கத்தில் குழந்தையும். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது, ஒரு மழை நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஹெட்போனை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான். அனு கட்டிலிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டாள்.

உடனே வீறிட்டு அழுதாள். தூக்கினேன், பால் கொடுத்தேன். குடித்துவிட்டு முழுவதையும் வாந்தி எடுத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து கண் சொக்கினாள். அவள் வழக்கமாகத் தூங்குகிற நேரமும் அதுதான்.

அப்போதே ஆட்டோ பிடித்துப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்பதைச் சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும். அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒரு தடவை விக்கல் நிற்கவில்லை என்று. இன்னொரு தடவை காலில் ஒரு தடிப்பு, அது கொசுக்கடி. இரண்டாவது தடவை நர்ஸ் சிரித்துக்கொண்டே, "அம்மய்க்கு இவிடெ ஒரு கட்டில் இடட்டே?" என்று கேட்டாள். உங்களுக்கு இங்கேயே ஒரு கட்டில் போட்டுவிடலாமா என்று. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் நல்ல பெண்தான். ஆனால் எனக்கு அது உள்ளே போய்விட்டது.

லேப்டாப் திறந்தே இருந்தது. சோதனைப் பக்கத்தில் பெரியவன் காத்துக்கொண்டிருந்தான். தட்டினேன்: எட்டு மாதக் குழந்தை, கட்டிலிலிருந்து விழுந்தாள், உடனே அழுதாள், ஒரு தடவை வாந்தி எடுத்தாள், தூங்கப் பார்க்கிறாள்.

'ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, விழுந்தபின் வாந்தி எடுத்திருக்கிறாள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்' என்று வந்தது.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுபடி தட்டினேன்: பால் குடித்ததும் கொஞ்சம் கக்குவது இவளுக்கு எப்போதும் வழக்கம். இது பொய். அனு கக்குகிற குழந்தையே இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. 'அப்படியானால் அது வழக்கமான கக்கலாக இருக்கலாம். இருந்தாலும் காட்டிவிடுவது நல்லது' என்றது. மூன்றாவது தடவை, கட்டில் உயரம் இரண்டடிதான், கீழே பாய் விரித்திருந்தது என்றேன். பாய் இருந்தது, ஆனால் அவள் விழுந்த இடத்தில் இல்லை. அது இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தது. நாலாவது தடவை வாந்தியைப் பற்றியே பேசவில்லை. 'குழந்தை சிரிக்கிறாள். நான் எல்லாவற்றுக்கும் பதறுகிறவள். இந்த வாரம் இரண்டு தடவை சும்மா போய்விட்டு வந்தேன். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?' என்று கேட்டேன். தூக்கத்தில் ஒரு தரம் அவள் உதடு சுழித்ததைத்தான் சிரிப்பு என்று எழுதினேன்.

'நீங்கள் கவனமான தாய். உங்கள் களைப்பு புரிகிறது. குழந்தை சிரித்து விளையாடுவதால், இருபத்துநாலு மணிநேரம் வீட்டிலேயே கவனித்தால் போதும்.'

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வாரத்தில் என்னிடம் அப்படிப் பேசியவர்கள் யாருமில்லை.

என் வீட்டுக்காரர் சங்கருக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. போன் செய்து சொன்னேன். "என்னத்துக்கு யோசிக்கே? ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"கேட்டுட்டேன். வீட்லயே பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"ஆபீஸ்ல கேட்டேன்."

"ஒங்க ஆபீஸ்ல டாக்டர் யாரு இருக்கா?"

வேறு போன் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரியை எழுதப் போவதில்லை. காலையில் முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். "ஆனால் நேற்றே வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை?" என்று கேட்டார். அன்று அந்த நர்ஸ் சிரிக்கவில்லை.

சோதனைப் பக்கத்தில் தட்டுகிற எதுவும் சோதனையாகத்தான் சேமிக்கப்படும். அதிலும் ஒரே ஆள் ஒரே விஷயத்தை மாற்றி மாற்றிக் கேட்பதற்கு, 'திரும்பக் கேட்டல்' என்று எங்களிடம் தனிப் பிரிவே இருந்தது. நான் அதை மறந்துபோனேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்று வாரம் கழித்து என் மேஜைக்கு வந்த தாள் கட்டுக்குள், மேலிருந்து ஏழாவதோ எட்டாவதோ, என் நாலு கேள்விகளும் எண் போட்டு இருந்தன.

தன் தாள் தன்னிடமே வந்தால், 'என்னுடையது' என்று எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது விதி. நான் கொடுக்கவில்லை. 'சூழல்' என்று குறித்தேன். 'குழந்தை சிரிக்கிறாள்' என்பதற்குக் கீழே கோடு போட்டேன். நிலைமை மாறியது, பதில் மாறியது. முரண் என்று குறித்தால் நான் என் குழந்தையை எதை நம்பி வீட்டில் வைத்திருந்தேன் என்று ஆகிவிடும் அல்லவா?

இன்னொரு பிரதி ஷீபாவிடம் போயிருந்தது. அவள் 'முரண்' என்று குறித்திருந்தாள். 'தள்ளிப்போட வேண்டாம்' என்பதற்குச் சிவப்பு, 'வீட்டிலேயே கவனித்தால் போதும்' என்பதற்கு நீலம். இரண்டு பேரையும் சார் கூப்பிட்டார்.

ஷீபாவின் சொந்த ஊர் பாறசாலை. பாதி மலையாளம் பாதி தமிழாகப் பேசுவாள், யோசிக்காமல் பேசுவாள். "சாரே, இந்த அம்மையைப் பாருங்க. விழிஞ்ஞத்தில மத்தி மீன் வாங்கப் போனவ மாதிரி பேரம் பேசறா. முதல்ல வாந்தி. அப்புறம் கக்கல். அப்புறம் அதுவும் இல்ல. கள்ளி! யாரு எழுதினதோ, நல்லா நடிச்சிருக்கா."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இரண்டாவது கேள்வியில் விளக்கம் சொல்லியிருக்கிறாளே, சார். வழக்கமாகக் கக்குவாள் என்று."

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "விளக்கம் சொல்ல அவ டாக்டரா? நாலு கேள்வியிலும் குழந்தை ஒண்ணுதானே?"

"ஆமாம் சார்."

"விழுந்தது ஒரு தடவைதானே? வாந்தி எடுத்தது எடுத்ததுதானே? நாலாவது தடவை அவ சொல்லாம விட்டா, குழந்தை வாந்தியைத் திரும்ப முழுங்கிடுமா?" ஷீபா சிரித்தாள். சார் சிரிக்கவில்லை. "இதுக்கு முதல் கேள்வி ஞாபகம் இருக்கு. இருந்தும் விட்டுக்கொடுத்திருக்கு. சின்னவன் இதைச் செய்ய மாட்டான், அவனுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. இவனுக்கு அவ முகம் தெரியுது. என்ன கேட்டா அவ நிம்மதியாவான்னு தெரியுது. அதுக்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்கத் தெரியுது. இவ்வளவு புத்தி இருந்தாத்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்."

முரண் கட்டத்தில் அவரே குறித்தார். "இது அறிக்கையில முதல் தாள். பெரியவனை இது ஒண்ணே நிறுத்தும்" என்றார். அந்த மாதக் கடைசியில் போன் சேவை தொடங்குவதாக இருந்தது. அதற்கு அவர் கையெழுத்து வேண்டும்.

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். சும்மா இருந்தால் போதும். என் தப்பு யாருக்கும் தெரியாது. பெரியவனைத் திருத்தாமல் வெளியே விடமாட்டார்கள். என்னைப்போல ஒருத்தி நாலாவது தடவை கேட்கும்போது அது நிம்மதி தராது. சொல்லிவிட்டால் தாள் செல்லாது. சோதனை செய்கிறவர்களின் சொந்த விஷயம் எதுவும் இதில் இல்லை என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. சார் அதன் கீழேதான் கையெழுத்துப் போடுவார். அவர் எங்களை நம்பிப் போடுகிறார்.

அன்று முழுவதும் சும்மா இருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில், சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். லிஃப்டில் ஏறும்போதும் அந்த முடிவில்தான் இருந்தேன். அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றதும், "சார், அது என் குழந்தை" என்றேன்.

 முதலில், "குழந்தைக்கு இப்ப எப்படி?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். உட்காரச் சொன்னார். தாள் கட்டுக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"சார், மற்றத் தாளில் எல்லாம் நாங்கள் நடித்திருக்கிறோம். இதில்தான் நிஜமான ஒரு தாய் கேட்டிருக்கிறாள். இதைப் போய் எடுக்கிறீர்களே?"

"அதே. எனக்கும் தெரியும்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நமக்கு வேணுங்கிறதுக்காக இன்னிக்கு ஒண்ணை வச்சுக்கிட்டா, நாளைக்கு வேண்டாத ஒண்ணை எடுத்துப் போடுவோம். நீயும் ஷீபாவும் உக்காந்து இதை மறுபடி செஞ்சு பாருங்க. ஒரு தடவை வந்தாப் போதும். அந்தத் தாளை நான் வைக்கிறேன்."

நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்தோம். வேறு குழந்தை, வேறு கட்டில், வேறு தாய். படியிலிருந்து விழுந்த குழந்தை, தொட்டிலிலிருந்து விழுந்த குழந்தை. ஒரு தடவைகூட வரவில்லை. நாலாவது கேள்வியிலும் ஐந்தாவது கேள்வியிலும் பெரியவன் அசையவில்லை. 'நீங்கள் முதலில் வாந்தி என்று சொன்னீர்கள், அதனால் இன்றே காட்டுங்கள்' என்று என்னையே திருத்தியது.

"எடீ, நமக்கு நடிக்கவே தெரியல" என்றாள் ஷீபா.

ஏன் அப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். நடிக்கும்போது வாந்தியை மறைக்கிறோம் என்பது எங்களுக்கே தெரியும், அதனால் கேள்வியில் எங்கேயோ அதன் நிழல் விழுந்திருக்கலாம். அன்று நாலாவது தடவை தட்டியபோது, மறைக்கிறேன் என்று எனக்கே தோன்றவில்லை. அல்லது இதெல்லாம் பெரிய யோசனையாக இருக்கலாம், வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு மனுஷியே மூன்றாவது கேள்வியில் ஒருத்தியாகவும் நாலாவது கேள்வியில் வேறொருத்தியாகவும் இருந்தால், அவளுக்குப் பதில் சொல்கிற இயந்திரத்திடம் மட்டும் ஒரே பதிலை எப்படி எதிர்பார்ப்பது என்றும் தோன்றுகிறது. பிறகு, அதற்குத்தானே அதை வைத்தோம் என்றும் தோன்றுகிறது.

அறிக்கை போயிற்று. சார் கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'திரும்பக் கேட்டலில் எனக்குச் சந்தேகம் உண்டு. காட்டுவதற்குத் தாள் இல்லை.' அந்த வரி மேலே போய்ச் சேர்ந்ததா, நடுவில் யாராவது எடுத்துவிட்டார்களா, தெரியாது. சொன்னபடி மாதக் கடைசியில் சேவை தொடங்கியது. என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சார் முன்பு போலவே, "ஏது வரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் தாள்களை மட்டும் இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும். அது என் மனசாகவும் இருக்கலாம்.

ஷீபாவுக்கும் எனக்கும் இதில் இப்போதும் சண்டைதான். "சின்னவன்கிட்ட யாரு ரெண்டாவது தடவை பேசினா? ஒரு தடவை கேப்பாங்க, வச்சிருவாங்க. பெரியவன்கிட்ட எஸ்டேட்டுப் பெண்ணுங்க பத்து நிமிஷம் பேசறாங்க. சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கறான், அதான் பேசறாங்க. உன்னை மாதிரி ஒருத்திக்காக அவனைக் கல்லாக்கச் சொல்றியா?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் அன்று பெரியவனிடம் நாலு தடவை பேசினேன் என்றால், நான் சொன்னதை அது காதில் வாங்கியதால்தான்.

மறு வருஷம் ஆட்களைக் குறைத்தார்கள். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். அனுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எழுதுவதானால் இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் வேறு.

எங்கள் மாடி வீட்டில் செல்வி என்று ஒரு பெண் இருக்கிறாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, இருபத்திரண்டு வயது. வீட்டுக்காரன் விழிஞ்ஞம் துறைமுக வேலையில் கம்பி கட்டுகிறான், விடிகாலையில் போனால் இருட்டித்தான் வருவான். கைக்குழந்தைக்கு இரண்டரை மாதம். போன வாரம் போனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். "யக்கா, நீங்க இந்த ஆபீஸ்லதான வேல பாத்தீங்க? பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது. மொதல்ல கேட்டேன், ஆசுபத்திரிக்குப் போன்னுச்சு. பெறவு கேட்டேன், தாய்ப்பால் குடு, பாத்துக்கலாம்னுச்சு. எத நம்ப?"

குழந்தையைப் பார்த்தேன். நாக்கு வறண்டிருந்தது. அந்த நிமிஷமே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள், இப்போது நன்றாக இருக்கிறது. திரும்பி வரும்போது, ஒரு விதியாக அவளுக்குச் சொல்லி வைத்தேன்: "இனிமேல் எப்பவும் முதல் பதிலை நம்பு. முதல் தடவை கேக்கும்போதுதான் நாம எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லுவோம்."

செல்வி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மொதல் தடவையே கொஞ்சம் கொறைச்சுச் சொல்லிக்கிடுதேன், யக்கா. ஒவ்வொரு தடவையும் ஆசுபத்திரின்னா இவரு வேலையப் போட்டுட்டு வர முடியுமா?"

 ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

இதை வாசிக்கிறவர்களில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள், பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இருப்பீர்கள், என்னைவிட அதிகமாகக் குழந்தைகள் வளர்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். பயந்துபோன ஒருத்தி அதே விஷயத்தைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி கேட்கும்போது, நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவள் உங்களிடம் வருவதை நிறுத்திவிடாதபடியும், குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதபடியும் சொல்கிற வழி ஏதாவது உண்டா? அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போகும்போது செல்வி என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.